பாவுக்கு மேலே போன பாட்டரி

என் கணவர் தறிக்குழியை விட்டு ஏறியது யுத்த காலத்தில்தான். நூலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. முறை வைத்துக் கொடுக்கிற நூலை நம்பி உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரியாது என்று, சேலத்தில் ஒரு பஸ் கொட்டகைக்குப் போய்ப் பாட்டரி வேலை பழகிக்கொண்டு வந்தார். ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் ஆயில் எஞ்சினும் டைனமோவும் குடியேறின. புதுப் பாட்டரி கண்ணில் படாத காலம் அது. கரி போட்டு ஓட்டிய பஸ்களின் செத்த பாட்டரிகளெல்லாம் உயிர் பிழைக்க எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன.

ஆசிட் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது அவரல்ல, அவருடைய வேட்டி. கொடியில் கிடக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நனைத்துக் கல்லில் ஓர் அடி அடித்தால் சல்லடையாகிவிடும். நானும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். துணி பாழானால் எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் அந்த வேட்டியை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இதில் மாவு சலிக்கலாமா, கேழ்வரகு சலிக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை இப்படித் தின்கிற சாமான் ஆளை மட்டும் விட்டு வைக்குமா?

அன்றிலிருந்து அந்த அறைக்கு நான்தான் போலீஸ். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஆசிட் இறக்குகிற வழக்கத்தை முதலில் ஒழித்தேன். கலக்கும்போது தண்ணீரை முன்னால் ஊற்றி, ஆசிட்டைத்தான் அதில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். சொன்னவர் அவசரத்தில் மறப்பார், நான் மறக்கமாட்டேன். பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிற நேரத்தில் அதிலிருந்து வருகிற வாயு தீயைக் கண்டால் வெடிக்குமாம். பீடியோடு வந்த டிரைவர்களை வாசலிலேயே நிறுத்தினேன். ஈயத்தை உருக்கிய கையோடு சோற்றில் கை வைத்தால் தட்டை எடுத்துவிடுவேன். மாமியார் உயிரோடு இருந்திருந்தால்கூட இவ்வளவு அதிகாரம் செய்திருக்கமாட்டார் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

ஒரு நாள் ஆசிட் தரையில் சிந்தியபோது, துணி வெளுக்க வைத்திருந்த உவர்மண்ணைக் கைக்கு வந்தபடி அள்ளி வீசினேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. பிறகு அடங்கிவிட்டது. நுரை வருகிற வரைக்கும் ஆசிட் இருக்கிறது, நுரை நின்றால் செத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கதவோரத்தில் ஒரு பானை உவர்மண்ணும் ஒரு தொட்டித் தண்ணீரும் அதன் பிறகு நிரந்தரமாக இருந்தன.

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது அது. பாவைத் தாண்டுவது, குனிந்து அதன் அடியில் நுழைவது என்ற பேச்சே கிடையாது. சுற்றிப் போகவும் யாருக்கும் நேரமில்லை. அதனால் பால் சொம்பு, காய்க்கூடை, அழுகிற குழந்தை எல்லாமே பாவுக்கு மேலாகக் கை மாறும். நூலில் விரல் படாமல் கொடுப்பதில் எங்கள் தெருக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அன்று பாவு நீட்டியது எதிர் வீட்டு அண்ணன். முறை வரட்டும் வரட்டும் என்று வெகுநாள் காத்திருந்து வாங்கிய நூல். அது போனால் அடுத்த முறை வரைக்கும் அந்த வீட்டில் சோறு இல்லை. அவர் ஒரு பக்கமும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி ஒரு பக்கமுமாகக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பஸ் கிளீனர் ஒருவர், தலை நரைத்த மனிதர், தோளில் பாட்டரியோடு அந்தப் பக்கம் வந்து நின்றார். எல்லாரும் எதையும் கொடுப்பதுபோல அவரும் பாட்டரியைப் பாவுக்கு மேலே நீட்டினார். என் கணவரும் இந்தப் பக்கமிருந்து கை கொடுத்தார். கனம் தாங்காமல் பாட்டரி சாய்ந்தது. உடைந்த மூடிக்குப் பதிலாக அடைத்திருந்த துணி பிதுங்கிக்கொண்டு வெளியே வந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

என் கணவர் பாட்டரியை இழுத்து இந்தப் பக்கம் இறக்கினார். ஆசிட் பட்ட கையைக் கிளீனர் உதறினார். நான் ஓடிப்போய்ச் சந்து வழியாகச் சுற்றி அவரை இழுத்து வந்து, கையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, எடுக்கவே கூடாது என்றேன். முதலில் ஆள், அப்புறம்தான் நூல். பிறகு பாவைப் பார்த்தேன். கஞ்சி ஈரத்தில் நூல் முழுவதும் ஒரேபோல் பளபளத்தது. எங்கே விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

என் கணவர் பக்கத்தில் வந்து, பேசாமல் இரு என்று மெல்லச் சொன்னார். எஞ்சின் சத்தத்துக்கும் ஆசிட் நெடிக்கும் தெருவில் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. இது தெரிந்தால் கடையைத் தூக்கச் சொல்வார்கள். அவர் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் வெயில் கூரைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் காயக் காய ஆசிட்டின் உக்கிரம் கூடும். 

"அக்கா, உங்க பாவுல ஆசிட் சிந்திருச்சுங்க. வெயில் ஏறதுக்குள்ள பார்த்தாகணும்" என்றேன்.

அண்ணன் கை அப்படியே நின்றது. அக்கா பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றார். நான் உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, விரலால் தெளித்துக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லை. என் கண்ணே பொய் சொல்லியதோ என்று நினைத்தபோது ஓரிடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. நுரை அடங்கும்வரை விட்டேன், நல்ல தண்ணீரால் அலசினேன், அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். அதேபோல் அங்கங்கே. சில இழைகள் தொட்டதும் அறுந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பாமலே முடிச்சுப் போட்டார், அலசிய இடத்துக்கு மறுபடி கஞ்சி தடவினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தெருப் பெரியவர்கள் கூடினார்கள். கடை வேறு இடம் பார்க்கட்டும் என்பதுதான் பெரும்பாலோர் பேச்சு. அக்கா மட்டும், நெய்து முடித்துத் துணியைத் தறியிலிருந்து அறுத்து நனைத்துப் பார்க்கும்வரை பொறுங்கள் என்றார். பொத்தல் விழுந்தால் நாங்களே போய்விடுகிறோம் என்று நான் சொன்னேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பாவு நீட்டுகிற காலையில் பாட்டரி வாங்குவதில்லை என்று வைத்தோம். மற்ற வேளைகளில் பிடி வைத்த மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் எதுவும் நகர வேண்டும். எதிர் வீட்டுத் தறிச் சத்தம் கொஞ்சம் நின்றாலும், இழை போயிற்றோ என்று என் கை வேலை நின்றுவிடும்.

ஒரு வழியாகத் துணி இறங்கியது. சிவப்பு நூல் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் கிணற்றடிக்குப் போனோம். நனைத்து, என் கணவரின் வேட்டியை அடிக்கிற அதே ஆத்திரத்தோடு கல்லில் அடித்தேன். அக்கா அதை என்னிடமிருந்து பிடுங்கி, என்னைவிடப் பலமாக அடித்தார். பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்து வானத்துக்கு நேரே விரித்தோம். ஒரு பொத்தல்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஊட்டை மாத்த வேண்டாம் அம்மிணி. வழியை மாத்துங்க."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வண்டித்தடம் இருந்தது. அந்தப் பக்கம் வாசல்தான் இல்லை. அன்று சாயங்காலமே பின்சுவரில் கடப்பாரையை இறக்கினோம். முதல் குத்து என்னுடையது. என் கணவர் கடப்பாரையை என் கையிலிருந்து வாங்குவதற்குள், அதுவரை எங்களோடு பேசாதிருந்த எதிர் வீட்டு அண்ணன் தம் கடப்பாரையோடு வந்து சுவரின் அந்தப் பக்கத்தில் நின்றார்.