பெரட்டில் சொன்ன பொய்கள்

உளவளத்துணையாளராக இருப்பவளுக்கு உட்கார்ந்து கேட்கத் தெரிய வேண்டும். எனக்கு உட்காரவே வராது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மாடியில் என் அறை. எதிரில் இருப்பவர் அழத் தொடங்கினால் எழுந்து ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், வேண்டாத தண்ணீரை ஊற்றிக் கொடுப்பேன். குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடிச் சத்தத்தை வைத்தே வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று கணித்து வளர்ந்தவள் நான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து எவ்வளவோ காலமாகியும் என் காது இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

மடுல்சீமைப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண் முதல் நாளே நாற்காலியைக் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அப்படித்தான் உட்காருவேன். இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் யார் யாரிடம் பேசுவது? (அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் அவள் உதவியாளராக இருந்தாள். அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அவளும் அப்பாவும்தான். பண்டாரவளையில் தங்கிப் படிக்கும் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. போன தடவை அப்பாவைக் காட்டித் தள்ளிப்போட்டாள். இந்தத் தடவையும் போகாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"நான் போயிட்டா அப்பாவுக்காக யாரு மிஸ் பெரட்டுல சொல்றது?" என்றாள்.

பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். ஆள் வராவிட்டால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி விசாரிப்பார். அப்பா கசிப்புச் சாராயத்தைக் குடித்துவிட்டு எழும்ப முடியாமல் கிடக்கும் நாட்களில் இவள் ஓடிப்போய் அங்கே நிற்பாள். காய்ச்சல் என்பாள், வயிற்று வலி என்பாள், கால் சுளுக்கு என்பாள். பள்ளிச் சீருடையோடு நின்ற காலத்திலிருந்து இதே வேலை. போன முறை சொன்ன நோயை நினைவில் வைத்திருந்து மாற்றிச் சொல்வாள். லயத்து ஆட்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. அப்பா சாக்கடைக் கானில் விழுந்து கிடந்தால்கூட யாரும் தூக்க மாட்டார்கள். "மகளக் கூப்புடு" என்பார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆட்கள் மேலா, அப்பா மேலா, இவள் மேலா என்று தெரியவில்லை.

"ஒரு நாளைக்குப் போகாம இருந்து பாரேன்," என்றேன்.

"வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க மிஸ்."

"நிப்பாட்டினா?"

"அப்பா செத்துருவாரு."

இந்த இடத்திலேயே மாதக்கணக்கில் சுற்றினோம். அப்பா மேல் பாசம் வைப்பது ஒன்று, அப்பாவின் வாயாகவே இருப்பது வேறு என்று நான் சொல்வேன். தலையாட்டுவாள். அடுத்த கிழமை வந்து, மறுபடியும் பெரட்டுக்குப் போனதைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள். பேசாமல் நானே தோட்டத்துக்குப் போய் அந்தக் கங்காணியைப் பார்த்துப் பேசிவிட்டால் என்ன என்று எனக்குக் கைகால் பரபரக்கும். அப்படிச் செய்தால், அவள் அப்பாவுக்குச் செய்வதையே நான் அவளுக்குச் செய்கிறேன் என்று ஆகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்பதில்லை.

கடைசியில் அவளே கீழ் லயத்திலிருக்கும் சித்தப்பாவிடம் பேசினாள். அப்பாவின் சாப்பாட்டையும் மருந்தையும் தான் பார்த்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். பெரட்டில் பொய் சொல்ல மட்டும் யாரையும் ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவள்தான்.

பண்டாரவளைக்குப் போக வேண்டிய அன்று முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து, அடுத்த பஸ் வரும்வரை பையோடு என் அறைக்கு ஏறி வந்தாள். உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. அவளுடைய போன் அடித்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா. அந்த அக்காவுக்கு வெண்கலக் குரல், எனக்கே கேட்டது.

"ஒங்கப்பா பெரட்டுக்கு வரல்ல புள்ள. கங்காணி கேக்குறாரு. என்னான்னு சொல்ல?"

காய்ச்சல் என்ற சொல் அவள் உதடுவரை வந்துவிட்டதைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டாள்.

"அப்பாகிட்டயே கேக்கச் சொல்லுங்கக்கா," என்று வைத்துவிட்டாள். உடனே மறுபடி அடித்தது. என்னையறியாமல் என் கை அந்தப் போனை வாங்க நீண்டது. அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எடுக்காதீங்க மிஸ்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலில் நின்றேன். கிளம்பிய பிறகும் நின்றேன். அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் விடுதியிலிருந்து பேசினாள்.

"கங்காணி லயத்துக்கே போனாராம் மிஸ். அப்பா கதவப் புடிச்சிக்கிட்டு நின்னு, குடிச்சிட்டேங்கன்னு சொன்னாராம்."

"கங்காணி என்ன சொன்னாராம்?"

"இன்னைக்குப் பேரும் கெடையாது சம்பளமும் கெடையாது, நாளைக்கு ஒழுங்கா வான்னாராம். அப்புறம்... எல்லாம் தெரியும்னாராம் மிஸ். நான் சின்னப் புள்ளையா வந்து நின்ன காலத்துலருந்தே தெரியுமாம். புள்ள மொகத்துக்காகத்தான் ஒண்ணும் கேக்கலன்னாராம்."

பிறகு வெடித்து அழுதாள். "அப்ப நான் ஓடுனதெல்லாம் எதுக்கு மிஸ்?"

ஆறுதலாக எதையாவது சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஜன்னல் பக்கமும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.