மெர்சி வீட்டுக் குரங்கு

கல்லூரிக் கடைசி வருடம், குழந்தைகளின் பொம்மைகள் எப்படி மாறின என்று ஒரு வீடியோ படம் எடுக்கத் திட்டம் போட்டோம். முதலில் யார் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டு மெர்சியின் பெயரைச் சொன்னேன். பழி தீர்க்கத்தான் சொன்னேன்.

பொழியூரில் அவள் எங்கள் பக்கத்து வீடு. அவள் அப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த தாளம் தட்டும் குரங்கு பொம்மையைப் பார்க்கச் சிறுவயதில் போயிருந்தேன். அலமாரிக் கண்ணாடியில் கை வைத்ததும், "தொடாதட்டி, உன் கையில மீன் நாத்தம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளைக் கேமரா முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

நாங்கள் கேமராவோடு போனதும் அவள் அப்பா பெருமையாக அலமாரியைத் திறந்தார். பொம்மைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

"இதுல ஒண்ணையாவது யாருக்காவது விளையாடக் குடுத்தியா?" என்று கேட்டேன்.

"நானே தொட்டதில்ல மக்கா," என்றாள் மெர்சி. "வாறவங்களுக்குக் காட்டுறதுக்காக்கும் இது. நீங்க வலை மிதவையக் கயித்துல கெட்டி இழுத்து ஓடுறத சன்னல்ல நின்னு பாத்துட்டிருப்பேன்."

பிறகு உறையைப் பிரித்துக் குரங்கின் சாவியை முறுக்கினாள். கடற்காற்றில் துருப்பிடித்த குரங்கு அசையவில்லை.

"மெல்ல, கேடாயிரும்," என்றார் அப்பா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்று மாலை கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். நான் நினைத்ததைவிட நன்றாகவே பழி தீர்த்திருந்தேன். என் சிரிப்பு அடங்கிய பிறகும் மெர்சி அந்தச் சாவியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.