போர்டும் சேர்ந்து விழணும்

ஸ்டுடியோவில் என் அக்காவுக்கு ஒரே பேச்சுதான்: "தலையை நிமித்துங்க. அசையாதீங்க." போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தாலும் அதே அதட்டல். பாஸ்போர்ட் படம் எடுத்து எடுத்துப் பழகிப்போன குரல். வீட்டில் என்னிடமும் அதே தோரணை என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பழைய பள்ளிவாசலைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள் என்று, நிர்வாகக் குழுத் தலைவர் அட்டைப்படம் எடுக்க அக்காவை அழைத்தார். அவள் தரையில் நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், மல்லாந்து படுத்தும் பார்த்தாள். குவிமாடம் வந்தால் தூண்கள் படத்தில் விழவில்லை. தூண்கள் வந்தால் குவிமாடத்தின் தலை போயிற்று.

"மேல பெண்கள் பகுதியிலேர்ந்து எடுத்தா எல்லாம் வந்துரும். சாவி குடுங்க."

"அங்க என்னம்மா இருக்கு? உடைஞ்ச நாற்காலியும் பழைய பாயும்தான்."

"அதையெல்லாம் அங்க கொண்டுபோய்ப் போட்டது யாரு?" என்று நான் கேட்டேன்.

பெண்கள் பகுதியைப் பழுதுபார்க்கிறோம் என்று பூட்டியவர்கள்தான், அப்புறம் திறக்கவே இல்லை. அங்கே தொழுதுகொண்டிருந்த அம்மா இப்போது அடுப்படி மூலையில் பாய் விரிக்கிறாள். அடுத்த மாதம் அங்கிருக்கும் மரத்தடுப்பைப் பெயர்த்துவிட்டுத் தலைவருக்கு ஆபீஸ் கட்டப்போகிறார்களாம்.

கடைசியில், அட்டைப்படத்துக்காகச் சாவியைக் கொடுத்தார். "எடுத்ததும் சாமானை இருந்தபடியே வெச்சுப் பூட்டிரணும்."

அக்கா வாயே திறக்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள். அது அவள் சுபாவமே இல்லை.

மறுநாள் காலை நாங்கள் இருவரும், அம்மாவும், பக்கத்து வீட்டுத் தையல்காரியும், இன்னும் சில பெண்களும் சாமான்களை முற்றத்தில் இறக்கினோம். படிக்கட்டு அடியில் சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களை நகர்த்தியதும் சுவரில் ஒரு போர்டு தெரிந்தது. "பெண்கள் பகுதி. ஆண்கள் ஏறக் கூடாது. இப்படிக்கு, தலைவர்."

மேலே துளைத் துளையாகச் செதுக்கிய மரத்தடுப்பு. அதில் ஒரு துளையில் அக்கா லென்ஸை வைத்தாள். தூண்கள், வளைவுகள், குவிமாடத்தின் உள்ளே ஓடும் கொடி வேலைப்பாடு, ஒன்றுவிடாமல் விழுந்தது.

"நல்ல எடத்தைப் பொண்ணுங்களுக்குன்னுதான்டி கட்டினவன் வெச்சிருக்கான்," என்றாள். பிறகு பின்னால் நகர்ந்து, தடுப்பும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்தாள். "அட்டைக்கு இதுதான்."

அம்மா பாயை விரித்தாள். மற்றவர்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

தொழுது முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது தலைவர் இரண்டு ஆட்களோடு வந்தார். அக்கா மேற்படியில் போய் நின்றாள்.

"படம் ஆச்சா? இவங்க சாமானை ஏத்திருவாங்க."

"படம் ஆச்சு. சாமான் ஏறாது."

"என்னம்மா பேச்சு இது?" படியில் கால் வைத்தார்.

"மேல பொண்ணுங்க இருக்காங்க. போர்டைப் பாருங்க தலைவரே."

"எப்ப எறங்குவாங்க?"

"அம்மா எறங்கினா தையல்காரி ஏறுவாங்க. அவங்க எறங்கினா என் தங்கச்சி. ஆள் இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

"சாவியைக் குடு."

"பூட்டப்போறதில்லையே, சாவி எதுக்கு?"

"வேற போட்டோகிராபரே கெடைக்க மாட்டாரா எனக்கு?"

"கூட்டிட்டு வாங்க. அவரும் இங்கேர்ந்துதான் எடுக்கணும். ஆம்பளைன்னா ஏற முடியாது."

தலைவர் வைத்த காலை எடுத்தார். கூட வந்தவர்களில் ஒருவர் போர்டை வாய்விட்டுப் படித்தார், "இப்படிக்கு" வரைக்கும். அக்கா கேமராவைத் தூக்கினாள்.

"தலையை நிமித்துங்க. அசையாதீங்க. போர்டும் சேர்ந்து விழணும்."