நாலாம் டிவிசன் காத்திருக்கட்டும்

கைப்பேசிக் கோபுரங்களில் வேலை பார்க்கும் என் மகள் ஒருநாள் சொன்னாள்: காற்றில் போகிற எல்லாம் சமமில்லையாம். பேச்சுக்கு முதலிடம், படத்துக்கு அடுத்த இடம், மின்னஞ்சல் மெதுவாகப் போகலாம். எது அவசரம் என்று கருவிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அனுப்பும்போதே அடையாளம் போட்டுவிடுவார்களாம். போடாவிட்டால்? கடைசி வரிசைதான் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளில் மலேசியாவில் ரந்தாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவள். மேசையில் ஒரு வயர்லெஸ் செட். தோட்ட மேனேஜரான துரை, எண்ணெய் மில், லோரிகள், நாலு டிவிசன்களில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்கள், எல்லாருக்கும் ஒரே லைன். ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூட வேண்டும். துரை சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: முதலில் அவர், அப்புறம் மில், அப்புறம் லோரி, கடைசியில் டிவிசன். 'அவசரம்' என்று சொன்னால் மட்டும் யாரும் குறுக்கிடலாம். நான் சிரம்பானில் படித்த பட்டணத்துப் பெண். அந்தச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினேன்!

நாலாம் டிவிசன் மண்டோர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நலம் விசாரிக்காமல், சின்ன விசயம்தான் என்று சொல்லாமல் என்னிடம் எதையும் கேட்கமாட்டார். தோட்டத்து ஆட்கள் பலர் அப்படித்தான். தன் கஷ்டத்தை ஆபீசில் பெரிதாகச் சொல்வது அவர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனம். எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அன்று மத்தியானம் மில்லில் இயந்திரம் நின்றுவிட்டது. எந்த லோரியை நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தபோது இடையில் அவர் குரல்.

"கிராணிம்மா, வேலையா இருக்கீங்களா? சின்ன விசயம்தான்மா. வேன் கெடைக்குமான்னு..."

"மில் லைன்ல இருக்கு. பொறுங்க, நானே கூப்பிடறேன்."

சரிம்மா என்று அடங்கிவிட்டார். மில் பேச்சு முடிந்தது. இரண்டு லோரிக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகாவது கூப்பிட்டேனா? உட்கார்ந்து கோப்பி குடித்தேன். சாவகாசமாகக் கூப்பிட்டபோதுதான் விசயத்தைச் சொன்னார்: அவர் மனைவிக்கு ஏழு மாதம், ரத்தம் நிற்காமல் போகிறது. பதறிப்போய் வேனை அனுப்பினேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதாக வேன் டிரைவர் வந்து சொன்னார்.

தாளில் இருந்தபடிதானே செய்தேன் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததே. எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? பாவி நான்.

மூன்றாம் நாள் லீவுத் தாள் எழுத மண்டோர் ஆபீசுக்கு வந்தார். கத்தட்டும், நாலு வார்த்தை கேட்கட்டும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"அன்னிக்கு நீங்க மில்லுகூடப் பேசிக்கிட்டு இருந்தப்போ குறுக்க வந்துட்டேன்மா. மன்னிச்சிருங்க."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளறையில் துரை இருந்தார்.

"பரவால்ல," என்றேன்.