நான்காவது அடி

தங்கை வீட்டை விட்டுப் போனது, வெல்டிங் செய்முறைத் தேர்வு நடந்த அன்று சாயங்காலம். வாசலில் பையோடு நின்று, பெற்ற தாயைப் பார்த்து, "போறேன் மிஸ்" என்றாளாம். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா என் சித்தி. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியை. அப்போது நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து அவள் வீட்டில் தங்கியபோதுதான், விட்டு விட்டு, முழுக் கதையையும் சொன்னாள்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் அவளது பட்டறை. தகரக் கூரை, வரிசையாகத் தடுப்புகள், பொறி பட்டு ஓட்டை விழுந்த திரைகள். "என்னடா இது, வெல்டிங் வச்சியா, காக்கா எச்சம் போட்டுச்சா?" என்பாள். "காக்காதான் மிஸ். நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று பையன் சொன்னால், முதலில் சிரிப்பது அவள்தான்.

மகளும் அதே வகுப்பு. வீட்டில் அம்மா, பட்டறையில் மிஸ் என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

தேர்வு இதுதான்: ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் மட்டும் பற்றவைக்க வேண்டும். அதை வைஸ் எனும் இரும்புப் பிடியில் இறுக்கி, சித்தி சுத்தியலால் மூன்று அடி அடிப்பாள். தகடு மடிந்து படுத்தால் தேர்ச்சி, உடைந்தால் இல்லை. அந்த வருடம் முதலாவதாக வருபவருக்குக் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சி இடம். மகள் தூக்கத்தில்கூட அதைத்தான் பேசினாள்.

அன்று காலை, சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் பையன், "மிஸ் பொண்ணுக்கு என்ன கவலை? மார்க்கு வீட்டுலேயே வெந்துடும்" என்றான். வகுப்பே சிரித்தது. சித்திக்குச் சுருக்கென்றது.

மகளின் தகடு மூன்றாவது அடியில் அழகாக மடிந்து படுத்தது. சித்தி அதை நிமிர்த்தினாள். நான்காவது அடி அடித்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.

"மிஸ், மூணுதானே?" என்று கேட்டது அந்தச் சோடாபுட்டியேதான்.

அடுத்த அடியில் உடைந்தது. உடைந்த இடத்தில் ஒரு பொட்டுக் கசடு இல்லை; பற்றவைத்ததில் குறையே இல்லை. மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எந்த இரும்பும் உடையும். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே சித்திதான்.

"இன்னும் சரியா வரல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இடம் சோடாபுட்டிக்குப் போயிற்று.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன்டி," என்றாள் என்னிடம். "யாரும் சொல்லல. அவளும் சொல்லல."

இப்போதும் பாடம் எடுக்கிறாள். தேர்வன்று மட்டும் சுத்தியலை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் பழைய எண்ணுக்குப் போன் போடுவாள். அந்த எண் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த மனிதரும் இப்போதெல்லாம் திட்டுவதில்லை. "இன்னும் கெடைக்கலையாம்மா?" என்கிறார்.

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அம்மாகிட்ட சொல்லிடு. பாக்க வரேன்னு சொன்னா மட்டும், வேணாம்னு சொல்லிடு."