குழாய்க்காரரின் ஐந்தாவது போன்

குழாய்க்காரருக்கு இது ஐந்தாவது போன். முதல் மூன்றும் அவர் குனியும்போது சட்டைப் பையிலிருந்து நழுவி, யார் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலோ ஜலசமாதி ஆகிவிட்டன. நாலாவது, வெயிலில் காயவைத்துப் பிழைத்தது. அதுவும் இப்போது இழுத்துக்கொண்டு கிடந்தது. போன் போனால் முந்நூறு வீட்டு நம்பரும் கூடவே போகும். அவர்களாகக் கூப்பிடும்வரை வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில், முட்டி தேய்ந்த மனிதருக்கு மிச்சமிருந்த சொத்தே அந்த நம்பர்கள்தான்.

அதனால் கடையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"இதுல இருக்குற நம்பரெல்லாம் தானா கம்ப்யூட்டர்லயும் ஏறிக்குமா?"

"கேமரா சூப்பரா இருக்கும் சார்."

"என் மூஞ்சிய நான் கண்ணாடியிலயே பாக்குறதில்லப்பா. நம்பர் ஏறுமா, ஏறாதா?"

ஏழு போன் பார்த்து, கால் கடுத்துப்போய், கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக "ஏறும்" என்று சொன்ன ஒன்றை வாங்கிவந்தார்.

வீட்டில் மகள் பழையதிலிருந்து புதியதற்கு நம்பர்களை மாற்றி, கம்ப்யூட்டரோடு இணைத்தாள்.

"அப்பா, ஒரே பேர்ல நிறைய இருக்காம். ஒண்ணாச் சேத்துடவான்னு கேக்குது."

"சேத்துடு, சேத்துடு. என்னமோ பண்ணு, என்னால உக்கார முடியல."

அங்கேதான் கோட்டைவிட்டார். அவர் யாரிடமும் பெயர் கேட்பவரில்லை. ஆளை மறந்தாலும் வீட்டுக் கோளாறு அவருக்கு மறக்காது. எனவே பெயருக்கான இடத்தில் 'சிங்க் அடைப்பு', 'டேங்க் ஒழுகல்' என்று போட்டு, அடியில் விலாசத்தை எழுதிவைப்பார். முந்நூறு வீடும் பதினொரு கோளாறாகச் சுருங்கிவிட்டது. 'சிங்க் அடைப்பு' என்பதன் கீழ் அறுபத்திரண்டு நம்பர், ஒரே ஒரு விலாசம். கம்ப்யூட்டரிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே ஏறியிருந்தது. பழைய போனை எடுத்தால், அது கடைசி வேலையை முடித்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தது.

மகள் அழ ஆரம்பித்தாள்.

"விடும்மா, சேத்துடுன்னு சொன்னது நான்தானே" என்றார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விலாசத்தைக் கேட்டுவிடலாம் என்று முதல் நம்பரை அழுத்தினார்.

"அம்மா, குழாய்க்காரன் பேசுறேன்."

"எந்தக் குழாய்க்காரர்? எங்கிட்ட மூணு பேர் நம்பர் இருக்கே."

அவருக்குச் சுருக்கென்றது.

"வருஷக்கணக்கா உங்க வீட்டுக்கு வந்து போறவன்மா."

"அப்படியா? சரி, எங்க வீடு எதுன்னு சொல்லுங்க."

குழாய்க்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பத்து இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.