இருட்டில் ஒரே ஒரு ஓட்டை

காலையில் எழுந்ததும், காபிகூடப் போடாமல், ஓர் ஓட்டையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன்.

மருத்துவமனை டோக்கன் எடுக்கும் செயலி ஒன்றுக்குத் திரைகள் வரைவது என் வேலை. முதல்முறை திறந்தால் திரை முழுக்க இருட்டாகிவிடும். "சம்மதம்" பொத்தானைச் சுற்றி மட்டும் இருட்டில் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் வெளிச்சம். "வேண்டாம்" இருட்டுக்கு அடியில் கிடக்கும். தொட்டாலும் வேலை செய்யாது.

மந்தைவெளியில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஜாக்கெட் தைக்கும் ஓர் அக்கா, மடியில் துணிப்பை. கையில் அதே செயலி.

"இன்னாமா இது, போனு ஃபுல்லா இருட்டா கீது? வேணாம்னு அமுக்கினா கேக்கவே மாட்டேங்குது."

"போன்ல இருக்கற நம்பரெல்லாம் எடுத்துக்கலாமான்னு கேக்குதுக்கா."

"அய்ய! எல்லாம் எங்கிட்ட அளவு குடுத்த பொம்பளைங்க நம்பரு. அத்த நா எப்டி குடுக்கறது?"

ஆனாலும் வெளிச்சத்தைத் தொட்டுவிட்டார். "இன்னா பண்றது, டோக்கன் வேணுமே."

அந்த வெளிச்சத்தை வரைந்தவள் நான்தான்.

தேனாம்பேட்டை அலுவலகத்துக்குப் போனதும் மேனேஜரிடம் சொன்னேன். சிரித்தார்.

"நாம எங்க மேடம் கட்டாயப்படுத்தறோம்? அவங்களாத்தானே தொடறாங்க!"

தொடுவதற்கு வேறு இடம் விட்டால்தானே, ஐயா!

உங்கள் போனிலும் இந்த இருட்டு வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்?

நாளை போகும் புதிய பதிப்பில் "வேண்டாம்" பொத்தானுக்கும் அதே அளவில் ஓர் ஓட்டை வெட்டி அனுப்பப் போகிறேன். அலுவலகத்தில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் தொட்டேன் என்பேன்.